கிடாயின் விந்தில் இருப்பதை ஊசியில் வாங்கலாமா?

கேள்வி: டொக்டர், நாங்கள் மட்டக்களப்புப் படுவான்கரையில் வெல்லாவெளிப் பக்கம். 22 செம்மறி மறிகளும் இரண்டு கிடாய்களும் வைத்திருக்கிறோம். அதே கொட்டிலில் ஒன்பது வெள்ளாடுகளும் நிற்கின்றன. போன வருஷம் குட்டிகள் நன்றாகக் கிடைத்தன. இந்த வருஷம் ஆனி மாதத்திலிருந்து பெரிய கிடாய் ஏறுகிறது, ஆனாலும் மறிகள் திரும்பத் திரும்ப வேட்கைக்கு வருகின்றன. எது சினை, எது வெறும் என்று இப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வைகாசிக் கடைசியில் பெரிய கிடாய்க்குக் கடும் காய்ச்சல் வந்து நாலைந்து நாள் தின்னாமல் கிடந்தது, பிறகு தேறிவிட்டது. சின்னக் கிடாயை அது கிட்டவும் விடாது. சவூதியில் ஆட்டுப் பட்டியில் வேலை செய்துவிட்டு வந்த மச்சான் சொல்கிறார், கிடாயின் விந்திலேயே ஒரு ஹோர்மோன் இருக்கிறதாம், அது குறைந்தால் சினை பிடிக்காதாம், அதே ஹோர்மோன் ஊசியாக வருகிறதாம், எல்லா மறிக்கும் போட்டால் ஒன்றாகச் சினை பிடிக்குமாம். ஊசியை வாங்கி நானே போடலாமா? கொட்டில் வேலை முழுக்க என் மனைவிதான் பார்க்கிறார். அவருக்கு இப்போது ஐந்து மாதம்.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த ஊசியை வாங்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கி வீட்டில் வைத்திருந்தால் உங்கள் மனைவி அந்தப் போத்தலைத் தொடவே கூடாது. அந்த மருந்து தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கும். ஊசி ஏற்றும்போது கையில் சிந்தினால்கூட, கர்ப்பிணிப் பெண்ணின் கருப்பையைச் சுருங்க வைத்துக் கரு கலைவதற்கு இடமுண்டு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக் குழாய் இறுகும். யார் கையில் பட்டாலும் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். மச்சான் வேலை செய்த பட்டியில் கையுறை போட்ட ஆட்கள்தான் இதைக் கையாண்டிருப்பார்கள். அந்த விவரம் கதையோடு சேர்ந்து ஊருக்கு வரவில்லை.

ஆனாலும் மச்சான் சொன்னதை வெறும் கட்டுக்கதை என்று தள்ள மாட்டேன். கிடாயின் விந்தில் ஹோர்மோன் போல வேலை செய்யும் ஒரு பொருள் இருப்பது உண்மை. புரோஸ்டாகிளாண்டின் என்பது அதன் பெயர். ஒரே பொருளும் இல்லை, ஒரு குடும்பம். 1930இல் நியூயோர்க்கில் குர்ஸ்றொக், லீப் என்ற இரண்டு மருத்துவர்கள், மனித விந்து பட்டால் கருப்பைத் தசை சுருங்குவதையும் தளர்வதையும் கவனித்தார்கள். சில ஆண்டுகளில் சுவீடனைச் சேர்ந்த ஒய்லர் அதே தன்மையை மனித விந்திலும் செம்மறிக் கிடாயின் விந்துச் சுரப்பிகளிலும் கண்டு, பொருளுக்குப் பெயரும் வைத்தார். 1957இல் அதே நாட்டின் பேர்க்ஸ்ட்ரோமும் ஸ்யோவாலும் அதைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தபோது, அவர்களுக்கு மூலப்பொருளாக இருந்ததும் செம்மறிக் கிடாயின் சுரப்பிதான். எருதிலும் பன்றியிலும் இல்லாத அளவுக்குச் செம்மறிக் கிடாயின் விந்தில் இது செறிந்திருக்கிறது. இந்த வழியில் வந்த ஆராய்ச்சிக்காக 1982இல் பேர்க்ஸ்ட்ரோம், சாமுவெல்சன், வேன் மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. காய்ச்சலுக்கும் நோவுக்கும் நாம் விழுங்கும் அஸ்பிரின், உடம்பு புரோஸ்டாகிளாண்டின் செய்வதைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது என்று காட்டியவர் அந்த வேன். படுவான்கரையில் மேயும் உங்கள் கிடாயின் உடம்பில் இருக்கும் ஒரு சுரப்பி மருத்துவத்துக்கு இவ்வளவு பெரிய கதவைத் திறந்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சிதான்.

சரி, அது விந்தில் என்ன செய்கிறது? கிடாய் ஒரு தடவை விடும் விந்து ஏறக்குறைய ஒரு மில்லிலீற்றர். அதற்குள் இருநூறு முந்நூறு கோடி விந்தணுக்கள். அத்தனையும் மறியின் யோனிக்குள், கருப்பைக் கழுத்தின் வாசலில்தான் விழுகின்றன. செம்மறியின் கருப்பைக் கழுத்து நேரான குழாய் இல்லை. உள்ளே நாலைந்து வளைய மடிப்புகள், ஒன்றின் துவாரம் மற்றதன் துவாரத்துக்கு நேரே வராமல் விலகி நிற்கும். அதைத் தாண்டி, கருப்பையையும் தாண்டி, முட்டை வந்து காத்திருக்கும் கருக்குழாய்க்குப் போய்ச் சேருபவை சில ஆயிரம் அணுக்கள் மட்டுமே. இந்தப் பயணத்தை அணுக்கள் தம் வாலை மட்டும் நம்பிப் போவதில்லை. கருப்பைத் தசை சுருங்கி விரிந்து அவற்றை மேலே கொண்டு போகிறது. அந்த அசைவைத் தூண்டுகிறவற்றில் விந்தில் வரும் புரோஸ்டாகிளாண்டினும் ஒன்று. அந்த அளவில் மச்சான் சொன்னது சரி.

அப்படியென்றால் அது குறைந்ததால்தான் உங்கள் மறிகள் சினை பிடிக்கவில்லையா? நான் அப்படி நினைக்கவில்லை. கிடாய் தானே ஏறி, தன் விந்தை முழுதாக விடும்போது இந்தப் பொருள் தேவைக்கு மேலேயே போகிறது. இது பேசுபொருளாவது செயற்கைமுறைச் சினைப்படுத்தலில்தான். அங்கே ஒரு கிடாயின் விந்தைப் பல மறிகளுக்குப் பங்கிட வேண்டும் என்பதால் கரைசல் சேர்த்துப் பல மடங்கு ஐதாக்குகிறார்கள். உறைய வைத்துப் பிறகு உருக்குகிறார்கள். அணுக்களோடு கூட வந்த திரவமும் அதிலுள்ள புரோஸ்டாகிளாண்டினும் அப்போது வெகுவாகக் குறைந்துவிடும். குறைந்ததைத் திரும்பச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு. சிலவற்றில் சினை விகிதம் கூடியது, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. உறைந்த விந்துக்குச் செம்மறியின் கருப்பைக் கழுத்தைத் தாண்டுவது அவ்வளவு கடினமாக இருந்தபடியால்தான், வயிற்றில் சிறு துளையிட்டு நேரே கருப்பைக்குள் விந்தை விடும் முறையை அவுஸ்திரேலியாவில் 1980களில் வளர்த்தெடுத்தார்கள். உங்கள் கொட்டிலில் இந்தப் பிரச்சினைக்கே இடமில்லை.

இனி ஊசி. டைனோப்ரொஸ்ட், குளோப்ரொஸ்டினோல் என்று போத்தலில் எழுதியிருக்கும். விந்தில் இருக்கும் அதே குடும்பம்தான், ஆனால் போடும் காரணம் வேறு. மறியின் சூலகத்திலிருந்து முட்டை வெளியேறிய இடத்தில் மஞ்சட் சடலம் என்று ஒன்று உருவாகிறது. அது புரொஜெஸ்தரோன் என்ற ஹோர்மோனைச் சுரக்கும்வரை மறி அடுத்த வேட்கைக்கு வராது. சினை நிற்பதும் அந்தப் புரொஜெஸ்தரோனால்தான். மறி சினைப்படவில்லை என்றால், பதினைந்து நாளளவில் அதன் கருப்பையே புரோஸ்டாகிளாண்டினைச் சுரந்து மஞ்சட் சடலத்தை அழிக்கிறது. இதற்கு உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு அழகானது. புரோஸ்டாகிளாண்டின் இரத்தத்தில் நுரையீரலைச் சுற்றி வந்தால் ஒரே சுற்றில் பெரும்பகுதி சிதைந்துவிடும். அதனால் கருப்பையிலிருந்து வரும் நாளமும் சூலகத்துக்குப் போகும் நாடியும் ஒன்றோடொன்று ஒட்டிப் பின்னிக் கிடக்கின்றன. பொருள் ஒன்றிலிருந்து மற்றதுக்கு நேரே கசிந்து, ஊர் சுற்றாமல் சூலகத்தை அடைகிறது. கரு உண்டாகியிருந்தால், 12, 13ஆம் நாளளவில் அந்தச் சின்னக் கரு தானே ஒரு புரதத்தைச் சுரந்து கருப்பையின் இந்த வேலையை நிறுத்துகிறது. மறிக்குத் தான் சினை என்று தெரிவதே அப்படித்தான்.

ஊசி செய்வது இந்த அழிப்பை மட்டும்தான். மஞ்சட் சடலம் முற்றியிருக்கும் மறிக்குப் போட்டால் இரண்டு மூன்று நாளில் வேட்கை வரும். 9 முதல் 11 நாள் இடைவெளியில் இரண்டு தடவை போட்டால் பட்டியின் பெரும்பகுதியை ஒரே வாரத்தில் வேட்கைக்குக் கொண்டுவரலாம். நாள் குறித்துக் குட்டி எடுக்கும் பெரிய பண்ணைக்கு அது உதவும். ஆனால் மலட்டுக் கிடாயின் விந்தைப் பலிக்க வைக்க அதனால் முடியாது. உங்கள் மறிகளுக்கு வேட்கை வராத குறை இல்லையே, திரும்பத் திரும்ப வருகிறது என்றுதானே எழுதியிருக்கிறீர்கள். வருகிற வேட்கையை இன்னொரு தடவை வரவழைக்க எதற்குக் காசு?

நட்டம் அதோடு நிற்காது. எது சினை என்று உங்களுக்கே தெரியாத பட்டியில் எல்லா மறிக்கும் ஊசி போட்டால், இளஞ்சினையாக நிற்கும் நாலைந்தும் கலைந்துவிடும். செம்மறியில் ஏறக்குறைய ஐம்பது நாளுக்குப் பிறகு நஞ்சுக்கொடியே போதிய புரொஜெஸ்தரோனைச் சுரக்கத் தொடங்கும், அதனால் அதற்கு மேல் கலைவது குறைவு. வெள்ளாட்டில் அப்படி இல்லை. ஐந்து மாதச் சினை முழுவதும் மஞ்சட் சடலத்தை நம்பித்தான் நிற்கிறது. நாலு மாதச் சினை வெள்ளாட்டுக்குக் கை தவறிப் போட்டாலும் குட்டி விழுந்துவிடும். இரண்டும் ஒரே கொட்டிலில் நிற்கிறது என்று எழுதியதைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது அதனால்தான்.

இனிப் பெரிய கிடாய்க்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்குத் தேவையான விடையை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வைகாசிக் கடைசியில் காய்ச்சல், ஆனியிலிருந்து மறிகளில் சினை தங்கவில்லை. கிடாயின் விதை உடம்புச் சூட்டைவிட நாலைந்து பாகை குளிர்ச்சியாக இருந்தால்தான் நல்ல விந்தணு உருவாகும். பை வெளியே தொங்குவதே அதற்காக. கடும் காய்ச்சல் நாலு நாள் நின்றாலே, அப்போது உருவாகிக்கொண்டிருந்த அணுக்கள் கெட்டுப்போகும். ஒரு விந்தணு விதையில் உருவாகி முடிய ஏறக்குறைய ஏழு வாரம், பிறகு வெளியே வரத் தயாராக இன்னும் பத்துப் பதினாலு நாள். ஆகவே காய்ச்சல் நாலு நாளில் போனாலும் அதன் சேதம் இரண்டு மாதத்துக்கு மேல் இழுக்கும். இதற்கிடையில் கிடாய் நன்றாகத் தின்னும், கொழுக்கும், உற்சாகமாக ஏறும். ஏறும் ஆசைக்கும் விந்தின் தரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதால் பார்க்கிற யாரும் அதில் குறை காண மாட்டார்கள்.

அதற்கு மேல் நம்முடைய கச்சான் காற்று. ஆனி, ஆடியில் படுவான்கரையில் அடிக்கும் அந்த வறண்ட சூட்டில், தகரக் கூரைக்குக் கீழே பகல் முழுக்க நிற்கும் கிடாய்க்குக் காய்ச்சலே வேண்டியதில்லை. தகரத்துக்கு மேல் கிடுகு போடுங்கள். அல்லது பகலில் மர நிழலில், தண்ணீர் எட்டும் இடத்தில் கட்டுங்கள். இது செலவில்லாத வேலை, ஆனால் விந்தைக் காப்பதில் எந்த ஊசியையும்விடப் பெரிய வேலை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கணக்குப்படி பார்த்தால் அந்தக் காய்ச்சலின் சேதம் இந்த ஆவணியில் தெளியத் தொடங்க வேண்டும். நீங்கள் இப்போது ஊசி போட்டு, புரட்டாசியில் மறிகள் தங்கியிருந்தால், பெயர் ஊசிக்குப் போயிருக்கும். ஊர் முழுக்க அந்த ஊசியைத் தேடியிருக்கும். ஊருக்குள் பல மருந்துகள் பேர் வாங்குவது இப்படித்தான், உடம்பு தானாகத் தேறும் நேரத்தில் போய் நின்று.

சின்னக் கிடாயைப் பெரியது கிட்ட விடாது என்பதும் முக்கியமான செய்தி. ஒரு பட்டியில் மூத்த கிடாய் மற்றதை அடக்கி வைப்பது வழக்கம். அது நல்ல கிடாயாக இருந்தால் பிழையில்லை. அதற்கே விந்து கெட்டிருக்கும்போது, முட்டி மோதி நல்ல கிடாயையும் தடுத்து, தானும் பலன் தராமல் முழுப் பட்டியையும் வெறுமனே நிறுத்திவிடும். 22 மறிக்கு ஆரோக்கியமான வளர்ந்த கிடாய் ஒன்றே போதும். முப்பது வரை கூடத் தாங்கும். ஆகவே இரண்டையும் பிரியுங்கள்.

பெரிய கிடாயை ஒரு ஆள் பிடித்துக்கொள்ள, நீங்கள் பின்னால் இருந்து இரண்டு விதைகளையும் தடவிப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவில், இறுக்கமாக, அழுத்தினால் மீண்டு வரவேண்டும். ஒன்று சிறுத்திருந்தாலோ, தளர்ந்து மெத்தென்று இருந்தாலோ, கட்டியோ சூடோ நோவோ இருந்தாலோ, அந்தக் கிடாயை இந்தப் பருவத்துக்கு நம்ப வேண்டாம். தொட்டுப் பார்த்ததில் நன்றாக இருந்தாலும் விந்து நன்று என்று முடிவு கட்ட முடியாது. உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் பேசி, விந்தை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்க ஏற்பாடு கேளுங்கள். நல்ல கிடாயின் விந்து பாலாடை நிறத்தில் தடிப்பாக இருக்கும், கண்ணாடித் தகட்டில் அலையலையாகச் சுழலும். தண்ணீராக, அசைவில்லாமல் இருந்தால் விஷயம் முடிந்தது.

மறிகளையும் விட்டுவிட முடியாது. ஏறிய மறி எப்போது திரும்ப வேட்கைக்கு வருகிறது என்பதைக் குறித்து வையுங்கள். செம்மறியின் சுற்று ஏறக்குறைய 17 நாள். பல மறிகள் சரியாக அந்த நாளில் திரும்பினால் கரு உண்டாகவே இல்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம், சந்தேகம் கிடாய் மேல் போகிறது. 25, 30, 40 நாள் என்று தாறுமாறாகத் திரும்பினால் கரு உண்டாகிப் பிறகு அழிந்திருக்கலாம். அப்போது நோய், தீனிக் குறை, வெயில் என்று மறியின் பக்கம் தேட வேண்டும். கலைந்த குட்டியோ நஞ்சுக்கொடியோ கண்ணில் பட்டால் வெறுங்கையால் தொடாமல் வைத்தியருக்கு அறிவியுங்கள். புரூசெல்லோசிஸ் போன்ற நோய்கள் ஆட்டிலிருந்து மனிதருக்கு வரக்கூடியவை. இந்த வேலையும் உங்கள் மனைவிக்கு வேண்டாம். குட்டி போடும் ஆட்டுக்கு உதவுவதையும் பிரசவம் முடியும்வரை நீங்களே பாருங்கள்.

நாளைக் குறிக்கக் கண்ணால் காத்திருக்கத் தேவையில்லை. வேட்கை ஒரு நாள், ஒன்றரை நாள்தான் நிற்கும், இரவில் ஏறினால் யாருக்குத் தெரியும்? காவியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக் கிடாயின் நெஞ்சில் தடவிவிடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை புதுப்பியுங்கள். ஏறிய மறியின் பின்முதுகில் நிறம் ஒட்டும். 17 நாள் முடிந்ததும் நிறத்தை மாற்றுங்கள், நீலம் என்று வையுங்கள். காவி பட்ட மறியில் நீலமும் பட்டால் அது தங்கவில்லை. ஒரு கொப்பியில் காது அடையாளத்தோடு எழுதி வையுங்கள். இந்தப் பட்டியலைக் கொண்டுவந்தால் உங்கள் வைத்தியர் மிச்சத்தைப் படித்துவிடுவார்.

தீனி பற்றிச் சுருக்கமாக. முதுகெலும்பு கையில் குத்துமளவுக்கு மெலிந்த மறிகளுக்கு, கிடாய் சேர்க்க இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். முட்டை வெளியேறும் எண்ணிக்கை கூடும், இரட்டைக் குட்டிக்கும் வாய்ப்புண்டு. குடற்புழு மருந்தும் அதற்கு முன்பே. வேலியில் உள்ள இப்பிலிப்பில் நல்ல தழைதான், ஆனால் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம், அதிலுள்ள நச்சு மயிரையும் உதிர்க்கும், இனப்பெருக்கத்தையும் கெடுக்கும். மாட்டுக்கு என்று விற்கும் கனியுப்புக் கலவையைச் செம்மறிக்கு வைக்காதீர்கள். அதிலுள்ள செப்பு மாட்டுக்குத் தேவை, வெள்ளாடும் ஓரளவு தாங்கும். செம்மறியின் ஈரலோ அதை வெளியேற்றாமல் மாதக்கணக்கில் சேர்த்து வைத்து, ஒரு நாள் திடீரென்று இரத்தத்தில் கொட்டும். கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்துச் சிவந்து, ஆடு இரண்டொரு நாளில் செத்துவிடும். செம்மறிக்கென்று தனியாக இருக்கும் கலவையைக் கேட்டு வாங்குங்கள்.

காலத்தையும் பாருங்கள். நம் பக்கத்துச் செம்மறி வருஷம் முழுக்க வேட்கைக்கு வரும், குளிர்நாட்டு ஆடுகள்போல் பருவம் பார்ப்பதில்லை. சினைக்காலம் ஐந்து மாதத்துக்கு ஒன்றிரண்டு நாள் முன்பின். புரட்டாசியில் கிடாய் சேர்ந்தால் குட்டிகள் மாசியில் விழும். மாரி மழையின் சேறும் சளிக்காய்ச்சலும் முடிந்து, பெரும்போக வெட்டுத் தொடங்கி, வயலில் புல்லும் தாளும் கிடைக்கும் நேரம். நாலைந்து வாரம் பொறுத்தால் உங்களுக்குச் சரியான காலமே வருகிறது, அவசரப்பட்டு ஊசியால் வேட்கையை இழுக்க ஒரு காரணமும் இல்லை.

ஆகவே புரட்டாசி முதல் கிழமையிலிருந்து சின்னக் கிடாயைக் காவி பூசி மறிகளோடு விடுங்கள், அதற்கு ஒரு வயது தாண்டியிருந்தால். முதல் தடவை என்பதால் பத்துப் பன்னிரண்டு மறிக்கு மேல் வேண்டாம். மிச்சத்துக்கு, பெரியதன் விந்தைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். விந்து நன்றாக இருந்தால் வேறு அடைப்பில் அதை விடுங்கள். இல்லையென்றால் அயலில் குட்டி கொடுத்துக்கொண்டிருக்கும் கிடாய் ஒன்றை ஒரு மாதத்துக்கு வாங்கிக்கொள்ளுங்கள். சின்னக் கிடாய் உங்கள் பட்டியிலேயே பெரியதற்குப் பிறந்தது என்றால் அதன் தாயையும் உடன்பிறந்தவற்றையும் அந்தப் பத்துப் பன்னிரண்டில் சேர்க்காதீர்கள். ஐப்பசிக் கடைசியில் கொப்பியைப் பார்த்து, எத்தனை மறியில் இரண்டாவது நிறம் விழுந்தது என்று எனக்கு எழுதுங்கள்.